அமிலப் பெறுமானத்திலிருந்து சூத்திரம் காண்பது: அந்த ஒரு கிராமில் என்ன இருக்கிறது?

சாம்பல்தீவிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். முதலாவது ஒரு கணக்கு. காபன், ஐதரசன், ஒட்சிசன் மட்டுமே கொண்ட ஒருமூலச் சேதன அமிலம் (மூலக்கூறுக்கு ஒரே ஓர் அமிலக் கூட்டம்) ஒன்றை 0.500 கிராம் எடுத்து முற்றாகத் தகனம் செய்தால் 1.320 கிராம் காபனீரொட்சைட்டும் 0.540 கிராம் நீரும் வருகின்றன. அதன் அமிலப் பெறுமானம் 280.5. மூலக்கூற்றுச் சூத்திரம் என்ன? இதை அவர் சரியாகவே செய்துவிட்டார். சிக்கல் இரண்டாவதில்தான். அம்மம்மா வீட்டில் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைப் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் 10 கிராமை நியமித்திருக்கிறார், அதாவது அதிலுள்ள அமிலம் நடுநிலையாகும்வரை காரக் கரைசலை அளந்து விட்டிருக்கிறார். லீற்றருக்கு 0.1 மூல் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் 3.6 மில்லிலீற்றர் போயிருக்கிறது. அமிலப் பெறுமானம் ஏறத்தாழ 2. முதற் கணக்கில் செய்தது போலவே 56,100 ஐ 2 ஆல் வகுத்திருக்கிறார். 28,050 வந்திருக்கிறது. "சேர், தேங்காய் எண்ணெயின் மூலக்கூற்றுத் திணிவு இருபத்தெட்டாயிரமா?" என்பது கேள்வி.

தம்பி, விடை வினோதமாக இருக்கிறது என்று நிறுத்தி யோசித்தீர்களே, அதற்கே பாதிப் புள்ளி தரலாம். பலர் அந்த எண்ணைச் சுற்றிப் பெட்டி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அமிலப் பெறுமானம் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்குவோம். ஒரு கிராம் பொருளில் உள்ள சுயாதீன அமிலத்தை நடுநிலையாக்கத் தேவைப்படும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டின் அளவு, மில்லிகிராமில். சில புத்தகங்களில் அமில எண் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. பொற்றாசியம் ஐதரொட்சைட்டின் ஒரு மூல் 56.1 கிராம், அதாவது 56,100 மில்லிகிராம். ஒருமூல அமிலத்தின் ஒரு மூலுக்கு அவ்வளவு காரம் வேண்டும், ஆகவே அதை ஒரு கிராமுக்குப் போன மில்லிகிராமால் வகுத்தால் ஒரு மூல் அமிலம் எத்தனை கிராம் என்று வரும். அந்த 56,100 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் சமன்பாட்டைப் பாடமாக்க வேண்டிய தேவையே இல்லை.

வரைவிலக்கணத்தில் "ஒரு கிராம் பொருள்" என்று இருக்கிறதே தவிர "ஒரு கிராம் அமிலம்" என்று இல்லை. உங்கள் குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான். மீன் கூடையை நினைத்துப் பாருங்கள். கூடை நிறையச் சூரை மீன் மட்டும் இருந்தால், மொத்த நிறையை மீன் எண்ணிக்கையால் வகுக்க ஒரு மீனின் நிறை வரும். அதே கூடையில் ஐஸை நிரப்பி நடுவில் ஒரே ஒரு சூரையை வைத்துவிட்டு, நிறுத்து, ஒன்றால் வகுத்தால் வருவது மீனின் நிறை இல்லை. நியமிப்பு என்பது மீனை எண்ணுவது மட்டும்தான். கூடையில் வேறு என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. முதற் கணக்கில் உங்களிடம் இருந்தது தூய அமிலம், கூடை முழுக்க மீன். எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் ஐஸ். 28,050 என்பது ஐஸையும் சேர்த்து ஒரு மீனுக்கு வந்த பங்கு.

சரி, முதற் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம். நீங்கள் செய்த வழியில் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது.

1.320 கிராம் காபனீரொட்சைட்டை 44 ஆல் வகுக்க 0.03 மூல், ஆகவே காபன் 0.03 மூல், 0.360 கிராம். 0.540 கிராம் நீரை 18 ஆல் வகுக்க 0.03 மூல், ஐதரசன் அதன் இருமடங்கு, 0.06 மூல், 0.060 கிராம். மிச்சம் ஒட்சிசன்: 0.500 இலிருந்து இரண்டையும் கழிக்க 0.080 கிராம், 0.005 மூல். ஆகச் சிறிய எண்ணால் எல்லாவற்றையும் வகுத்தால் காபன் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 1. இந்த ஆக எளிய விகிதம்தான் அனுபவச் சூத்திரம், அதன் திணிவு 100. அமிலப் பெறுமானத்திலிருந்து 56,100 ÷ 280.5 = 200. ஆகவே இரண்டால் பெருக்கி, காபன் 12, ஐதரசன் 24, ஒட்சிசன் 2. லோரிக்கமிலம். தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி இதுதான். கேள்வி எடுத்தவர் அதைத் தெரிந்தேதான் எடுத்திருக்க வேண்டும்.

அமிலப் பெறுமானம் தரப்படாவிட்டாலும் அனுபவச் சூத்திரத்தோடு நிற்கக்கூடாது என்பதற்கு அங்கேயே ஒரு சான்று இருக்கிறது. காபொட்சிலிக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு ஒட்சிசன் வேண்டும். ஒரே ஒட்சிசனோடு காபொட்சிலிக்கமிலம் இருக்க முடியாது.

இப்போது நான் சொல்ல வந்தது. ஆகச் சிறிய எண்ணால் வகுக்கும் அந்தப் பழக்கத்தை வினாத்தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். காரணம் சொல்கிறேன். தகனப் பகுப்பில் ஒட்சிசனை யாரும் நேராக அளப்பதில்லை, கழித்துத்தான் பெறுகிறோம். காபனில் விட்ட பிழை, ஐதரசனில் விட்ட பிழை எல்லாம் வந்து ஒட்சிசன் தலையில் இறங்கும். கொழுப்பமிலத்தில் ஆகச் சிறிய மூல் எண்ணிக்கையும் ஒட்சிசனுக்குத்தான். ஆக, ஆகக் கூடப் பிழை சுமந்த எண்ணை எடுத்து மற்ற எல்லாவற்றையும் அதனாலேயே வகுக்கிறோம்.

செய்தே பார்ப்போம். காபனீரொட்சைட்டு 1.320 க்குப் பதில் 1.310 கிராம் வந்தது என்று வையுங்கள். பத்து மில்லிகிராம்தான் குறைவு. காபன் 0.3573 கிராம், 0.02977 மூல். ஒட்சிசன் 0.0827 கிராமாக ஏறுகிறது, 0.00517 மூல். வகுத்தால் காபன் 5.76, ஐதரசன் 11.6. இதை 6, 12 என்று எடுப்பதா, நாலால் பெருக்கி 23, 46, 4 என்று எழுதுவதா? பிள்ளைகள் இரண்டாவதைச் செய்து நாற்பத்தாறு ஐதரசனோடு வந்து நிற்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

அதே பிழையான தரவை மறுபக்கத்திலிருந்து பிடியுங்கள். முதலில் அமிலப் பெறுமானத்திலிருந்து 200 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 200 கிராமில் காபன் 142.9 கிராம், 12 ஆல் வகுக்க 11.9. ஐதரசன் 24.0. ஒட்சிசன் 33.1 கிராம், 16 ஆல் வகுக்க 2.07. இப்போது 12, 24, 2 என்று எழுதக் கை தயங்காது. தரவு அதேதான், பிழையும் அதேதான், ஆனால் எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பது மாறிவிட்டது. மூலர்த் திணிவு கையில் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். அனுபவச் சூத்திரம் வழியாகச் சுற்றிப் போகத் தேவையில்லை.

இரண்டு அளவீட்டிலும் வேலை செய்வது ஒரே பொருள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். 1831 இல் லீபிக் என்ற ஜெர்மானிய இரசாயனவியலாளர் ஐந்து குமிழ் கொண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செய்து, அதற்குள் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை ஊற்றி, தகனத்தில் வரும் வாயுவை அதனூடாகச் செலுத்தினார். நீராவி அதற்கு முன்னமே கல்சியம் குளோரைட்டில் பிடிபட்டுவிடும், காபனீரொட்சைட்டு இந்தக் குமிழ்களில் பிடிபடும். குழாயை முன்னும் பின்னும் நிறுத்தால் போதும். அதற்கு முன்பு வாயுவின் கனவளவை அளந்து படாத பாடு பட்டுக்கொண்டிருந்த வேலை, தராசில் வைத்து நிறுக்கும் வேலையாகிவிட்டது. காபனை எண்ணியதும் அந்தக் காரம், அமிலக் கூட்டத்தை எண்ணுவதும் அதே காரம்.

கேள்வியில் "ஒருமூல" என்ற சொல் இருந்ததைக் கவனித்தீர்களா? அது இல்லாவிட்டால் 200 என்பது மூலக்கூற்றுத் திணிவு ஆகாது, சமவலுத் திணிவு மட்டும்தான், அதாவது ஓர் அமிலக் கூட்டத்துக்கு எவ்வளவு திணிவு என்பது. இருமூல அமிலமாக இருந்தால் மூலக்கூறு 400. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, நைலோன் 6,6 செய்யும் மூலப்பொருள்களில் ஒன்றான அடிப்பிக்கமிலம். அதன் அமிலப் பெறுமானம் 768.5. 56,100 ஐ அதனால் வகுக்க 73. தகனத் தரவிலிருந்து வரும் அனுபவச் சூத்திரம் காபன் 3, ஐதரசன் 5, ஒட்சிசன் 2, அதன் திணிவும் 73. இரண்டும் அப்படியே பொருந்திவிட்டன என்று சந்தோசப்பட்டு அங்கேயே நிற்கத் தோன்றும். ஆனால் காபன், ஐதரசன், ஒட்சிசன் மட்டும் உள்ள சாதாரணச் சேர்வையில் ஐதரசன் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக வராது. காபனுக்கு நாலு கை, ஒட்சிசனுக்கு இரண்டு, ஒற்றைக் கை ஐதரசன்கள் சோடியாகத்தான் முடியும். ஐந்து என்றால் ஒரு கை தொங்கிக்கொண்டு நிற்கும். ஆகவே இரண்டால் பெருக்கவேண்டும்: காபன் 6, ஐதரசன் 10, ஒட்சிசன் 4, திணிவு 146, இருமூல அமிலம். எந்தச் சூத்திரத்தை எழுதினாலும் ஐதரசன் இரட்டை எண்ணா என்று பார்த்துவிட்டுப் பேனையை வையுங்கள். நைதரசனோ அலசனோ இருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

அமிலப் பெறுமானத்தால் முடியாத வேலையும் உண்டு. ஸ்தியரிக்கமிலம் 284, ஒலெயிக்கமிலம் 282. பெறுமானங்கள் 197.5, 198.9. பள்ளி அளவியை (காரத்தை அளந்து விடும் குழாயை) வைத்து இந்த இரண்டையும் பிரித்தறியலாம் என்று நம்பவேண்டாம். ஒலெயிக்கில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது, அதைக் கேட்க, பொருள் எவ்வளவு அயடீனை ஏற்கும் என்று அளக்கும் அயடீன் பெறுமானம் வேண்டும்: ஒலெயிக்கமிலத்துக்கு ஏறத்தாழ 90, ஸ்தியரிக்கமிலத்துக்குப் பூச்சியம்.

இனி அம்மம்மாவின் எண்ணெய்.

3.6 மில்லிலீற்றரில் இருந்தது 0.00036 மூல் காரம். அதே அளவு அமிலம் எண்ணெயில் இருந்திருக்கிறது. எல்லாம் லோரிக்கமிலம் என்று எடுத்தால் 200 ஆல் பெருக்க 0.072 கிராம். பத்துக் கிராம் எண்ணெயில் அது 0.72 சதவீதம். மிச்சம் 99 சதவீதத்துக்கு மேல் திரைகிளிசரைட்டு, அதாவது மூன்று கொழுப்பமிலம் கிளிசரோலோடு பிணைந்த எசுத்தர். எசுத்தருக்குச் சுயாதீன அமிலக் கூட்டம் இல்லை, ஆகவே நியமிப்பில் எண்ணப்படவில்லை. கூடையில் இருந்த ஐஸ் அதுதான். எண்ணெயின் அமிலப் பெறுமானத்திலிருந்து நீங்கள் பெறவேண்டியது மூலக்கூற்றுத் திணிவு இல்லை, இந்த 0.72 தான்.

எண்ணெய் மூலக்கூறின் திணிவுதான் வேண்டும் என்றால் எசுத்தரையும் உடைத்து எண்ணவேண்டும். மிகையான காரத்தோடு அற்ககோலில் கொதிக்கவைத்து, மிஞ்சிய காரத்தை அமிலத்தால் நியமிப்பது. அதுதான் சவர்க்காரமாக்கல் பெறுமானம். தேங்காய் எண்ணெய்க்கு அது 248 க்கும் 265 க்கும் இடையில் இருக்கும். ஒரு திரைகிளிசரைட்டு மூன்று மூலக்கூறு காரம் எடுக்கும், ஆகவே 3 × 56,100 = 168,300 ஐ வகுக்கவேண்டும். 255 என்று வைத்தால் சராசரி 660. மூன்று லோரிக்கமிலம் கிளிசரோலோடு சேர்ந்தால் 638, பக்கத்தில்தான் நிற்கிறது. நல்லெண்ணெய்க்குப் பெறுமானம் 190 அளவில் இருக்கும், சராசரி 886 வரும். அங்கே சங்கிலிகள் நீளம். உங்கள் 28,050 க்குப் பதில் கேட்டீர்களென்றால், பதில் 660 அளவு.

அடுத்தது அந்த 3.6 ஐ நம்பலாமா என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது பிழைக்கும் இடங்கள் சில இருக்கின்றன.

முதலாவது காரம். பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வெள்ளை வெள்ளை வில்லைகளாக வரும். போத்தலைத் திறந்து கடிகாரக் கண்ணாடியில் நாலைந்தைப் போட்டுத் தராசில் வைத்தால், ஜன்னல் வழியாகக் கடற்காற்று வரும் நாளில், கண் முன்னாலேயே விளிம்பு பளபளக்கும், பிறகு அடியில் ஈரம் படரும், தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். நிறுப்பது காரத்தையா, காற்றின் ஈரத்தையா என்று சொல்லமுடியாது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் அது இழுத்துக் காபனேற்றாக மாறும். ஆகவே 5.61 கிராம் நிறுத்து ஒரு லீற்றரில் கரைத்தால் 0.1 என்று லேபிளில் எழுதிவிட முடியாது. பளிங்கு ஒட்சாலிக்கமிலத்தை நிறுத்துக் கரைத்து, அதைக் கொண்டு காரத்தின் செறிவைக் கண்டுபிடித்து, அந்த எண்ணைத்தான் பாவிக்கவேண்டும். செய்த அன்றே பாவிப்பது நல்லது.

இரண்டாவது அற்ககோல். எண்ணெய் நீரில் கரையாது, ஆகவே எதனோல் 50 மில்லிலீற்றர் அளவு சேர்த்துச் சூடாக்கிக் குலுக்குகிறோம். சுடுநீர்த் தொட்டியில் வைத்துத்தான் சூடாக்கவேண்டும், நேரே சுவாலையில் எதனோலை வைக்கவே கூடாது. அந்த எதனோலிலும் கொஞ்சம் அமிலம் இருக்கும். நான் முதல் முறை இந்தச் சோதனையைச் செய்தபோது அதை நடுநிலையாக்காமல் நேரே ஊற்றிவிட்டேன். நல்ல எண்ணெய், வாசனையும் நன்றாக இருந்தது, பெறுமானம் மட்டும் எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு. ஒரு பின்னேரம் முழுவதும் எண்ணெயைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எண்ணெய் இல்லாமல் எதனோலை மட்டும் நியமித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அன்றிலிருந்து எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னமே எதனோலுக்கு, காரத்தில் சிவக்கும் பினோத்தலீன் காட்டி இரண்டு துளி விட்டு, மங்கிய இளஞ்சிவப்பு வரும்வரை காரம் சேர்த்துவிடுவேன். அதன் பிறகுதான் அளவியின் வாசிப்பு.

மூன்றாவது முடிவுப்புள்ளி. எண்ணெய் ஒரு படையாகவும் அற்ககோல் ஒரு படையாகவும் நிற்கும், அமிலம் எண்ணெய்ப் படையிலிருந்து வெளியே வர நேரம் எடுக்கும். குலுக்காமல் விட்டால் சிவப்பு உடனே வந்துவிடும், முடிந்தது என்று நினைப்பீர்கள். குலுக்கினால் மறையும். ஒவ்வொரு துளிக்கும் நன்றாகக் குலுக்கி, நிறம் 30 செக்கன் நின்றால் அதுதான் முடிவு. அதற்குப் பிறகு மெல்ல மறைந்தால் திரும்பவும் காரம் விடாதீர்கள். காற்றிலிருந்து காபனீரொட்சைட்டு கரைவதாலும், மிஞ்சிய காரம் எசுத்தரையே மெல்லத் தாக்குவதாலும் அது மறைகிறது. அதைத் துரத்திக்கொண்டு போனால் அமிலப் பெறுமானத்தில் தொடங்கிச் சவர்க்காரமாக்கலில் போய் நிற்பீர்கள்.

அப்புறம், 2 என்பது நல்லதா கெட்டதா? கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமத்தில், சுத்திகரிக்காமல் பிழிந்தெடுக்கும் எண்ணெய்களுக்கு உச்ச எல்லை 4.0, சுத்திகரித்த எண்ணெய்களுக்கு 0.6. வீட்டில் காய்ச்சிய எண்ணெய்க்கு 2 என்றால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கார்த்திகை, மார்கழி மழையில் கொப்பறா சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்து, அதைச் செக்குக்குக் கொடுத்தால் கதை வேறு. ஈரமும் பூஞ்சணத்தின் நொதியமும் சேர்ந்து எசுத்தரை உடைத்து அமிலத்தை விடுவிக்கும், எண்ணெய் பிழியும் முன்னமே பெறுமானம் ஏறியிருக்கும். ஆனால் வெயிலில் வைத்துக் காறல் மணம் வந்த எண்ணெய் எல்லாவற்றிலும் அமிலப் பெறுமானம் கூடியிருக்கும் என்று எடுக்காதீர்கள். ஒட்சியேற்றத்தால் வரும் காறல் பெரும்பாலும் பேரொட்சைட்டுப் பெறுமானத்தில்தான் முதலில் தெரியும். அது இன்னொரு சோதனை.

திருகோணமலைச் சீனன்குடாவில் வரிசையாக நிற்கும் அந்த 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கனிய எண்ணெய்க்கும் இந்தப் பெறுமானம் உண்டா என்று வகுப்பில் கேட்பார்கள். உண்டு. என்ஜின் ஒயிலுக்கும் அதே அலகில், கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்றுதான் சொல்வார்கள். அங்கே எசுத்தர் உடைந்து வரும் கொழுப்பமிலம் இல்லை, ஓட ஓட ஒட்சியேறி வரும் அமிலங்கள். அவை என்னென்ன என்று யாரும் தனித்தனியே கேட்பதில்லை. ஒரே கலவை எண்ணெயின் பெறுமானம் நாளுக்கு நாள் எப்படி ஏறுகிறது என்பதுதான் அங்கே கேள்வி, ஆகவே சூத்திரம் என்ற பேச்சே எழாது.

இன்னொன்று. 0.72 சதவீதம் என்று எழுதும்போது "லோரிக்கமிலமாக" என்று சேர்த்து எழுதுங்கள். அதே நியமிப்பை ஒலெயிக்கமிலமாகக் கணித்தால் 282 ஆல் பெருக்கவேண்டும், 1.02 சதவீதம் வரும். தேங்காய் எண்ணெய்க்கு லோரிக், நல்லெண்ணெய்க்கு ஒலெயிக் என்பது வழமை. அமிலப் பெறுமானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்த அமிலம் என்று தெரியாமலே சொல்லலாம்.

உங்கள் குறிப்பில் எதனோலைத் தனியே நியமித்ததாக இல்லை. அதே போத்தலில் 50 மில்லிலீற்றர் எடுத்து, எண்ணெய் இல்லாமல், அதே காரத்தால் ஒருமுறை நியமியுங்கள். 0.4 மில்லிலீற்றர் போனால் உண்மையான வாசிப்பு 3.2, பெறுமானம் 1.8. எவ்வளவு போனது என்று எழுதி அனுப்புங்கள், ஒட்சாலிக்கமிலத்துக்கு எதிரே காரத்தின் செறிவு எவ்வளவு வந்தது என்பதையும் சேர்த்து.